நீங்கள் டொக்டரா, மிஸ்ஸா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் என்னைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வந்திருந்தது. உருத்திரபுரத்தில் பிறந்தவள், அமெரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரியின் இரைப்பை, குடல், ஈரல் பிரிவில் 11 வருடமாகப் பிசிஷன் அசிஸ்டன்ட் ஆக வேலை செய்கிறேன், அம்மாவுக்குச் சுகமில்லாததால் ஆறு மாத லீவில் ஊருக்கு வந்து நிற்கிறேன், என் வேலை பற்றியோ வயிறு பற்றியோ கேட்க ஏதும் இருந்தால் எழுதுங்கள் என்று. இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

முள்ளியவளையிலிருந்து ஓர் ஐயா: பிள்ளை, நீர் என்ன வேலை செய்கிறீர் என்று இரண்டு தரம் வாசித்தும் விளங்கவில்லை. நீர் டொக்டரா, தாதி மிஸ்ஸா?

இரண்டும் இல்லை, ஐயா. உங்கள் வயதுக்காரருக்கு ஒரு சொல்லிலேயே விளங்கப்படுத்தலாம்: அப்போதிக்கரி. பிறகு ஆர்.எம்.பி, ஏ.எம்.பி என்று சொன்னோமே, அந்த ஆட்கள். மருத்துவப் பட்டம் எடுத்தவர்கள் இல்லை, ஆனால் நோயாளியைச் சோதித்து, நோயைக் கண்டுபிடித்து, மருந்து எழுதுவார்கள். வன்னியில் டொக்டர்மார் இல்லாத காலத்தில் எத்தனையோ ஆஸ்பத்திரிகளைக் கொண்டு நடத்தியவர்கள் அவர்கள்தான். எனக்கு ஏழு வயதில் மலேரியா வந்தபோது என் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தவர் ஓர் அப்போதிக்கரி ஐயாதான், டொக்டர் என்று ஒருவரை நான் அதற்குப் பிறகுதான் கண்டேன்.

என்னுடைய வேலை அதற்குக் கிட்டத்தட்டச் சகோதர வேலை, ஆனால் தொடங்கின கதை வேறு. 1965இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற வைத்தியர் இந்தப் படிப்பைத் தொடங்கினார். அவர் எடுத்த முதல் மாணவர்கள் நான்கு பேரும் கடற்படையில் மருத்துவ உதவியாளராக இருந்து வந்தவர்கள். காயம் கட்டவும் ஊசி போடவும் அவசரத்தில் கை நடுங்காமல் நிற்கவும் பழகின ஆட்கள், ஊருக்குத் திரும்பினால் அந்தத் திறமைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு பதவியும் இல்லை, மறுபக்கம் டொக்டர்மாருக்கும் தட்டுப்பாடு. இவர்களுக்கு முறையாக இரண்டு வருடம் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று யோசித்திருக்கிறார். 1967இல் முதல் அணி வெளியே வந்தது. இந்தக் கதையை வகுப்பில் முதல் நாள் கேட்டபோது எனக்குச் சண்டைக் காலத்தில் எங்கள் பக்கத்தில் காயம் கட்டிப் பழகி, பிறகு கையில் ஒரு சான்றிதழும் இல்லாமல் மேசன் வேலைக்கும் கடை வேலைக்கும் போன பிள்ளைகளின் ஞாபகம் வந்தது, இப்போதும் வருகிறது.

நான் நோயாளியைச் சோதிப்பேன், இரத்தப் பரிசோதனை, ஸ்கான் எழுதுவேன், மருந்தும் எழுதுவேன், அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் எங்களுக்கு அந்த அதிகாரம் உண்டு. ஆனால் தனிக்கடை போட்டு இருப்பதில்லை, ஒரு வைத்தியக் குழுவோடு சேர்ந்துதான் வேலை. பெயரைப் பற்றிக் கொஞ்சம் குழப்பம் இருக்கிறது: 2021இல் எங்கள் அமெரிக்கச் சங்கம் அசிஸ்டன்ட் என்பதை அசோசியேட் என்று மாற்றுவதாக முடிவெடுத்தது, இங்கிலாந்தில் ஏற்கெனவே அசோசியேட் என்று இருந்ததை அசிஸ்டன்ட் என்று மாற்றச் சொல்லி 2025 ஜூலையில் ஓர் ஆய்வறிக்கை பரிந்துரைத்தது. அங்கே நோயாளி தன்னைப் பார்ப்பவர் டொக்டர் என்று பிழையாக நினைத்துவிடக் கூடாது என்பதுதான் வாதம், அது நியாயமான வாதம்தான். நான் ஒவ்வொரு அறைக்குள்ளும் போன உடனே முதலில் சொல்வது நான் டொக்டர் இல்லை என்பதைத்தான்.

வவுனியாவிலிருந்து ஒரு தம்பி: அக்கா, ஒரு நாளில் என்னென்ன செய்வீர்கள்? வயிற்றுக்குள் கமரா விடுவது நீங்களா?

கமரா விடுவது டொக்டர், தம்பி. வாயால் விடுகிற எண்டோஸ்கோப்பியும் சரி, பின்பக்கத்தால் விடுகிற கொலோனோஸ்கோப்பியும் சரி, வழமையாக அவர்தான் செய்வார். அதற்கு முன்னுக்கும் பின்னுக்கும் உள்ளதெல்லாம் பெரும்பாலும் எங்கள் கையில்.

காலை ஏழு மணிக்கு வாட்டு. இரவு வந்து சேர்ந்தவர்களில் எங்கள் பிரிவைக் கேட்டிருப்பவர்களைப் போய்ப் பார்ப்பேன். இரத்தமாகச் சத்தி எடுத்தவர், கண் மஞ்சளித்து வந்தவர், நான்கு நாளாக வயிற்றால் போய்ச் சோர்ந்து கிடப்பவர். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து கதை கேட்பதுதான் முதல் வேலை: எப்போது தொடங்கியது, என்ன நிறம், கடைசியாக என்ன மருந்து குடித்தீர்கள், கடையில் வாங்கின குளிசை ஏதும், நாட்டு மருந்து ஏதும். இதை எழுதி முடித்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, என் முடிவையும் எழுதி டொக்டருக்குச் சொல்வேன். இன்றைக்கே கமரா விட வேண்டுமா, நாளை வரை பொறுக்கலாமா என்று இருவரும் கதைப்போம். பொறுக்கலாம் என்று நான் நினைத்து, அவர் இல்லை என்று சொன்ன நாட்களும் உண்டு, மறுவளமாகவும் நடந்திருக்கிறது.

ஈரல் சுருங்கினவர்களுக்கு வயிற்றில் நீர் கட்டும். அந்த நீரை ஊசி குத்தி எடுப்பது நான் கையால் செய்கிற வேலை. சிலருக்கு ஒரே முறையில் ஐந்து லீற்றருக்கு மேல் எடுக்க வேண்டி வரும், அப்படி எடுத்தால் அல்புமின் என்ற புரதத்தை நாளத்தால் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிரஷர் விழும், சிறுநீரகம் பழுதாகும். எடுத்த நீரில் கொஞ்சம் ஆய்வுகூடத்துக்குப் போகும். ஒரு கனமில்லிமீற்றரில் நியூட்ரோபில் என்ற வெள்ளைக் கலங்கள் 250ஐத் தாண்டினால் நீருக்குள் கிருமி என்று எடுத்து, மற்ற முடிவுகளுக்குக் காத்திராமல் அன்றைக்கே மருந்து தொடங்குவோம். நோயாளிக்குக் காய்ச்சலும் இருக்காது, வலியும் இருக்காது, சிரித்துக் கதைத்துக்கொண்டிருப்பார், அந்த எண் மட்டும்தான் சொல்லும்.

பின்னேரம் கிளினிக். அப்புறம் போன். போனில்தான் நான் கூடுதலாகப் பழகினேன் என்று சொல்வேன். ஈரல் நோய் முற்றினவருக்கு இரத்தத்தில் நஞ்சு கூடி மூளை மந்தமாகும், அதற்கு லாக்டுலோஸ் என்ற பாணி மருந்து கொடுத்து, நாளுக்கு இரண்டு மூன்று தரம் இளக்கமாக வெளிக்குப் போக வைப்போம். மருந்து போதுமா என்று அறிய வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும். ஒரு மனைவி சொன்னார், இவர் இரண்டு நாளாகப் பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கிறார், நேற்றுச் சேர்ட் பொத்தானை மாறிப் போட்டுக்கொண்டு வந்தார் என்று. நான் எந்தப் பரிசோதனை முடிவையும் பார்க்கவில்லை, அன்றைக்கே மருந்தைக் கூட்டி, உடனே கொண்டு வரச் சொன்னேன். இந்த வேலைக்கு நல்ல காது வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

விசுவமடுவிலிருந்து ஓர் அண்ணா: மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் இரண்டு சி, ஒரு எஸ். சென்னையில் நான்கு வருடம் பிசிஷன் அசிஸ்டன்ட் பட்டம் படித்தால் அப்படியே அமெரிக்கா போகலாம் என்று ஒரு முகவர் சொல்கிறார். இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. விற்கலாமா, தங்கச்சி?

விற்காதீர்கள், அண்ணா. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தைப் போலவே தருமபுரத்திலிருந்தும் கண்டாவளையிலிருந்தும் இரண்டு வந்திருக்கின்றன, மூன்றிலும் முகவர் சொன்ன வசனம் ஒன்றுதான், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சென்னையில் அந்தப் படிப்பு இருப்பது உண்மை. இந்தியாவில் இதை முதலில் தொடங்கியதே சென்னையில்தான், 1992இல், மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில், இதய சத்திரசிகிச்சை வைத்தியர் கே.எம். செரியன். தமிழ்நாட்டில் இப்போது எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் மூன்று வருடப் படிப்பும் ஒரு வருடப் பயிற்சியுமாக நடக்கிறது. இந்தியாவின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இந்தத் தொழிலையும் அங்கீகரிக்கப்பட்ட சுகாதாரத் தொழில்களுக்குள் சேர்த்திருக்கிறது. படித்தவர்களுக்கு அங்கே தனியார் ஆஸ்பத்திரிகளில் வேலையும் உண்டு. ஆக முகவர் படிப்பைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை. படித்து முடித்த பிறகு என்ன என்பதில்தான் உங்கள் வயல் போகப்போகிறது.

மகள் பட்டத்தோடு கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தால், இலங்கையின் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அந்தப் பெயரில் ஒரு பதவி இல்லை. டொக்டர் வேலையும் செய்ய முடியாது, தாதியாகவும் பதிய முடியாது. அப்போதிக்கரி மாதிரி என்று மேலே எழுதினேன், ஆனால் அந்தப் பதவிக்குப் புதிதாக ஆள் எடுத்துப் பயிற்றுவதும் இங்கே நின்று பல வருடமாகிவிட்டது.

சரி, அமெரிக்கா? அங்கே இந்த வேலை செய்ய எழுத வேண்டிய தேசியப் பரீட்சையின் பெயர் பான்ஸ், 300 கேள்வி. அதற்கு உட்கார அமெரிக்க அங்கீகாரச் சபை ஏற்றுக்கொண்ட படிப்பை முடித்திருக்க வேண்டும், சென்னைப் பட்டம் அதற்குள் வராது. இலங்கையில் எம்.பி.பி.எஸ் முடித்த டொக்டராகவே இருந்தாலும் அந்தப் படிப்பைப் படிக்காமல் இந்தப் பரீட்சையை எழுத முடியாது. அதாவது மகள் நான்கு வருடம் படித்துவிட்டு அமெரிக்காவுக்குப் போனாலும் அங்கே முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் ஒரு பட்டம், அதில் உடற்கூற்றியல், உடற்றொழிலியல், நுண்ணுயிரியல், இரசாயனம், புள்ளிவிபரவியல் மாதிரிப் பாடங்கள், நோயாளிகளோடு நேரடியாக வேலை செய்த அனுபவம் (பல இடங்களில் ஆயிரம் மணித்தியாலம், அதற்கு மேலும் கேட்பார்கள்), பிறகு கிட்டத்தட்ட 27 மாத முதுகலைப் படிப்பு, அதில் இரண்டாம் பாதி முழுக்க வாட்டுகளில், சுமார் 2,000 மணித்தியாலம். பல இடங்களில் கல்விக் கட்டணம் மட்டுமே ஒரு லட்சம் டொலரைத் தொடும், வெளிநாட்டு மாணவர்களை எடுக்காத இடங்களும் நிறைய. பரீட்சை, மாநில அனுமதிப்பத்திரம் எல்லாம் முடிந்த பிறகும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 100 புள்ளிக்குத் தொடர்கல்வி காட்ட வேண்டும்.

நான் போன வழியைச் சொல்கிறேன். குடும்பத்தோடு சட்டப்படி குடியேறித்தான் போனேன், அது இல்லாமல் இந்தப் படிப்பு எனக்குக் கிடைத்திருக்காது. முதியோர் இல்லம் ஒன்றில் மூன்று வருடம் இரவு வேலை, குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, படுக்கைப் புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது, பகலில் கல்லூரி. படிப்புக் கடன் இன்னும் முடியவில்லை.

கனடாவில் சொந்தக்காரர் இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அங்கேயும் இந்த வேலை இருக்கிறது, ஒன்ராறியோவில் 2025 ஏப்ரல் 1 முதல் மருத்துவர்களைப் பதிகிற அதே சபைதான் இவர்களையும் பதிகிறது. ஆனால் அங்கே நிரந்தரமாகக் குடியேறிய பிறகு யோசிக்க வேண்டிய விஷயம் அது.

முகவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: இந்தப் பட்டத்தோடு என் பிள்ளை எந்த நாட்டில், எந்தச் சபையில் பதிந்து, என்ன பதவியில் வேலை செய்வாள், அதை எழுதிக் கையெழுத்து வைத்துத் தாருங்கள். தந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், நான் இருந்து வாசித்துச் சொல்கிறேன். வயலில் இந்தப் போகம் விதையுங்கள்.

மல்லாவியிலிருந்து ஒரு தங்கச்சி: மருத்துவ பீடத்துக்கு இசட் புள்ளி காணாது. ஆனால் நோயாளிகளோடு இருக்கிற வேலைதான் வேண்டும். எனக்கு ஒரு வழி சொல்லுங்கள் அக்கா.

விசுவமடு அண்ணாவின் மகளுக்கும் சேர்த்தே இந்தப் பதில். தாதியர் படிப்பைப் பாருங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டப்படிப்பு இருக்கிறது, அதற்குப் புள்ளி காணாவிட்டால் அரசாங்கத் தாதியர் கல்லூரிகள், மூன்று வருடம், படிக்கும்போதே கொடுப்பனவும் தருவார்கள், வர்த்தமானியில் விண்ணப்பம் கோரும்போது தவற விடாதீர்கள். முடித்தால் ஊரிலேயே பதவி உண்டு. ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்றால், தாதியர் தகுதி நாடு விட்டு நாடு எடுத்துப் போகக்கூடியது. வெளிநாட்டில் படித்த தாதிமார் தங்கள் சான்றிதழ்களை மதிப்பிடக் கொடுத்து அமெரிக்காவின் தாதியர் பரீட்சைக்கு உட்காரலாம். என் வேலைக்கு அப்படி ஒரு கதவு கிடையாது. பிறகு எப்போதாவது பிசிஷன் அசிஸ்டன்ட் ஆக வேண்டும் என்று ஆசை வந்து, அதற்கு வழியும் கிடைத்தால், தாதியாக வாட்டில் நின்ற மணித்தியாலங்கள் அப்படியே கணக்கில் வரும்.

குடல் பிரிவில்தான் விருப்பம் என்றால் இன்னும் நல்லது. கமரா விடுகிற அறையில் பழகின தாதி இல்லாமல் அந்த அறை நடக்காது. மயக்க மருந்துக்குப் பிறகு மூச்சைக் கவனிப்பது, வெட்டி எடுத்த சதைத் துண்டைச் சரியான போத்தலில் போட்டுச் சரியான பெயரை ஒட்டுவது, அந்த நீளக் குழாயை ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் உள்ளும் புறமும் கழுவித் தொற்று நீக்குவது எல்லாம் அவர்கள் கண்ணில்தான் இருக்கிறது. நான் படித்த காலத்தில் குடல் பிரிவுக்கென்று கட்டாயப் பயிற்சியே இல்லை, குடும்ப மருத்துவம், அவசர சிகிச்சை, சத்திரசிகிச்சை, பிள்ளைகள், பெண்கள், மனநலம் என்றுதான் சுற்றினேன். குடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் அந்த அறைத் தாதிமார் சொல்லித் தந்தது.

ஆங்கிலத்தை இன்றைக்கே தொடங்குங்கள். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் போதும்.

சம்பளம் எவ்வளவு? (ஐந்து கடிதங்கள்)

அமெரிக்க அரசாங்கத்தின் தொழில் புள்ளிவிபரப்படி 2023 மே மாதக் கணக்கில் இந்தத் தொழிலின் நடுநிலைச் சம்பளம் வருடத்துக்கு 130,020 டொலர். வரி, காப்புறுதி, வீட்டு வாடகை, படிப்புக் கடன் எல்லாம் அதற்குள்தான்.

பரந்தனிலிருந்து ஒரு வாசகி: நாள் முழுக்க மலத்தைப் பற்றிக் கதைப்பது உங்களுக்கு அருவருப்பாக இல்லையா?

இல்லை. அருவருப்பு நோயாளிக்குத்தான் இருக்கும், வெட்கமும் இருக்கும், அதனால் ஆறு மாதமாக இரத்தம் போவதை வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் வருவார்கள். அவர் சொல்லக்கூடிய சொல்லை முதலில் நான் சொல்லிவிட வேண்டும். தமிழ் அம்மாமார் வந்தால் மலம் என்ற சொல்லையே எடுக்க மாட்டேன், வெளிக்குப் போறது எப்படி இருக்கு அம்மா என்று கேட்பேன், தோள் இறங்குவதைக் காணலாம்.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு கமக்காரர்: எட்டு வருடமாகக் காஸ்ட்ரிக். பாமசியில் ஒமெப்ரசோல் வாங்கிக் குடிக்கிறேன், நாரி நோவுக்கும் அவர்களே ஒரு குளிசை தருவார்கள். குடித்தால் சுகம், விட்டால் திரும்ப வருகிறது. ஏன்?

அந்த நாரிக் குளிசையின் பெயரை நீங்கள் எழுதியிருந்தீர்கள், டைக்ளோபினாக். பதில் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கிறது, அண்ணா. டைக்ளோபினாக், இபுபுரோபன் மாதிரி நோவுக் குளிசைகள் இரைப்பையின் உட்தோலைப் பாதுகாக்கிற சுரப்பைக் குறைத்துவிடும், வெறும் வயிற்றில் பிளேன்ரீயோடு குடித்துவிட்டு வயலுக்கு இறங்கினால் இன்னும் மோசம், புண் வரும், சில நேரம் இரத்தம் கசியும். ஒரு கையால் புண்ணை உண்டாக்கி மறு கையால் மருந்து கட்டுகிற மாதிரித்தான் எட்டு வருடம் போயிருக்கிறது. இந்தக் குளிசைகள் சிறுநீரகத்துக்கும் கூடாது, வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயால் அவதிப்படுகிற கமக்காரரை நீங்களும் கண்டிருப்பீர்கள். நாரி நோவுக்கு இதை விட்டு வேறு என்ன செய்யலாம் என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

இரண்டாவது காரணம் ஒரு கிருமியாக இருக்கலாம், ஹெலிகோபக்டர் பைலோரி. வயிற்றுப் புண்ணுக்கு உறைப்பும் கவலையும்தான் காரணம் என்று உலகமே நம்பியிருந்த காலத்தில் அவுஸ்திரேலியாவில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு வைத்தியர்கள் இந்தக் கிருமிதான் என்று சொன்னார்கள், ஒருவரும் நம்பவில்லை, 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து வயிற்றழற்சி வந்து காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. கிருமி இருக்கிறது என்று கண்டால் வழமையாக 14 நாள் மருந்து, குறைந்தது ஒரு மாதம் கழித்துப் போய்விட்டதா என்று திரும்பவும் பரிசோதனை. ஒன்றைக் கவனியுங்கள்: மூச்சு, மலப் பரிசோதனைக்கு முன் இரண்டு வாரம் ஒமெப்ரசோல் நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும். நீங்கள் நாளாந்தம் குடிப்பவர், இதைச் சொல்லாமல் போகாதீர்கள். குடிக்கிற காலத்திலும் ஒமெப்ரசோலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பு குடிக்க வேண்டும், சாப்பிட்ட பிறகு குடித்துவிட்டு மருந்து கேட்கவில்லை என்று கூட்டிக் கூட்டிக் குடித்த பலரைக் கண்டிருக்கிறேன்.

தார் மாதிரிக் கறுப்பாக, ஒட்டலாக, கெட்ட மணத்தோடு வெளிக்குப் போனால் அது மேல் வயிற்றில் இரத்தம் கசிவதாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரும்புச்சத்துக் குளிசை குடித்தாலும் கறுக்கும், ஆனால் அதைத் தீர்மானிப்பது நீங்களோ பாமசிக்காரரோ இல்லை. காரணமில்லாமல் மெலிந்தாலும், சோறு விழுங்கத் தடக்கினாலும், குறிப்பாக வெற்றிலை புகையிலை போடுகிறவர் என்றால், கமரா விட்டுப் பார்க்கத்தான் வேண்டும். எட்டு வருடம் என்பது ஒருமுறையாவது உள்ளே பார்த்திருக்க வேண்டிய காலம்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஓர் அம்மா: 2009இல் ஷெல் பட்டு மாத்தளனில் வைத்து வயிறு வெட்டினார்கள். ஷெல் துண்டு ஒன்று இன்னும் உள்ளே கிடக்கிறது. என்ன செய்தார்கள் என்று எழுதின கடுதாசி எதுவும் என்னிடம் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை வயிறு முறுக்கி வீங்கி, சத்தி எடுத்து, பிறகு தானாக விடுகிறது. இது என்ன நோய் பிள்ளை?

அம்மா, உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன்.

வயிற்றை ஒருமுறை வெட்டித் திறந்தால் ஆறுகிறபோது உள்ளே தழும்பு நார் மாதிரி வளரும், அது குடலைக் குடலோடும் வயிற்றுச் சுவரோடும் ஒட்டிப் பிடிக்கும். எத்தனை வருடம் கழித்தும் அந்த இடத்தில் குடல் மடங்கி அடைபடலாம். முறுக்கி முறுக்கி வருகிற வலி, வீக்கம், சத்தி, பிறகு தானாக விடுவது என்று நீங்கள் எழுதியிருப்பது அரைகுறை அடைப்பு மாதிரித்தான் எனக்குப் படுகிறது. கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாது, அதனால் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கு ஒருமுறை போய் வயிற்றைக் காட்டுங்கள். பெரும்பாலும் உடனே வெட்ட மாட்டார்கள், பயப்படாதீர்கள். அடைப்பு வந்தால் மூக்கால் குழாய் விட்டு, சாப்பாட்டை நிறுத்தி, சேலைன் ஏற்றிப் பார்ப்பார்கள், பலருக்கு அதிலேயே விட்டுவிடும்.

கடுதாசி இல்லை என்பதால் நீங்களே ஒன்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எந்த மாதம், எங்கே பட்டது, எங்கே வெட்டினார்கள், குடல் வெட்டித் தைத்ததாக யாராவது சொன்னார்களா, பை வைத்திருந்ததா, இரத்தம் ஏற்றினார்களா, உள்ளே துண்டு எந்தப் பக்கம். பக்கத்தில் நின்றவர்களைக் கேட்டு எழுதுங்கள். கொப்பியின் ஒரு பக்கம் போதும், அதைக் கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்திருங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருடம் எங்கள் ஆட்களில் ஓர் அம்மா வயிறு வீங்கி வந்தார். முன்பு ஒப்பரேசன் ஏதும் செய்ததா என்று கேட்டேன், இல்லை என்றார். நானும் இல்லை என்று எழுதினேன். சேலையைத் தளர்த்திப் பார்த்தபோது நெஞ்சுக் குழியிலிருந்து அடிவயிறு வரை தழும்பு. இது என்ன அம்மா என்றேன், அது ஒப்பரேசன் இல்லைப் பிள்ளை, சண்டைக்குள்ள வெட்டினது என்றார். ஒப்பரேசன் என்றால் அவருக்குத் தியேட்டரும் வெள்ளை விரிப்பும் கடுதாசியும். நான் அந்த ஊர்க்காரி, எனக்கே கேட்கத் தெரியவில்லை. அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் யார் வந்தாலும், காயம் ஏதும் பட்டதா, வயிறு எப்போதாவது வெட்டினதா, உள்ளே துண்டு கிடக்கா என்று தனித்தனியாகக் கேட்கிறேன்.

துண்டைப் பற்றி ஒரு விஷயம். எம்.ஆர்.ஐ என்ற ஸ்கானுக்கு யாராவது அனுப்பினால், உடம்புக்குள் ஷெல் துண்டு இருக்கிறது என்று அனுப்புகிறவருக்கும், அந்த அறை வாசலில் நிற்கிறவருக்கும், இருவருக்கும் சொல்லுங்கள். அது பெரிய காந்தம், இரும்புத் துண்டை அசைக்கலாம், சூடாக்கலாம். முதலில் எக்ஸ்ரே எடுத்து எங்கே கிடக்கிறது என்று பார்ப்பார்கள். சி.டி ஸ்கானுக்கு அந்தக் காந்தப் பிரச்சினை இல்லை.

அப்புறம், இது மிக முக்கியம்: வலி விட்டு விட்டு வராமல் நின்று குத்தினால், சத்தி பச்சையாக வந்தால், காற்றும் போகாமல் வெளிக்கும் போகாமல் வயிறு கல்லு மாதிரி இறுகினால், காய்ச்சல் சேர்ந்து வந்தால், கைமருந்து, இஞ்சி, ஓமத் தண்ணீர் ஒன்றும் வேண்டாம், வாயால் எதுவுமே குடிக்க வேண்டாம். விடியட்டும் என்று இருக்காதீர்கள், எந்த நேரமானாலும் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், காசு கேட்க மாட்டார்கள். ஏற்றும்போது அந்தக் கொப்பியையும் கையில் எடுங்கள்.